ரசீதுப் புத்தகம் ஏந்திய கைகள்

(நன்கொடை திரட்டிய அன்பர்களுக்கு நம் ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பாராட்டு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



'கொடையின் சிறப்பு' என்னும் தலைப்பில் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். கொடையின் சிறப்பைப் பற்றிச் சமயச் சொற்பொழிவாளர்கள் பலர் இதே மண்டபத்தில் பேசியிருக்கிறார்கள். அவர்கள் கூறியதற்கு மேல் கூற அடியேனிடம் ஒன்றும் இல்லை. ஆகவே தலைப்பைச் சற்றே திருப்பிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். கொடுப்பவரின் வாசலைத் தேடி நடந்தவர்களைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

நமது நாட்டில் பெருங்கொடையாளர்களுக்குக் குறைவிருந்ததில்லை. 1873-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை அவர்களை நாம் நன்கறிவோம். 1893-இல் தொடங்கப்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களுள் அவரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாதிருக்கலாம். கோயிலுக்கும் கல்விக்கும் ஒருசேர உதவிய அத்தகையோரின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. நிலைக்க வேண்டியவையே.

ஆயினும், வேறொரு வகைக் கொடையும் இம்மண்ணில் நிகழ்ந்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டுகளில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிவந்தது. அங்கு அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்திற்கு முதலிடமா என்ற வினா எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழுக்காக வாதாடியதோடு நில்லாமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு ஒரு நிதியையும் தொடங்கினார். அத்துறைக்குத் தமிழ் நூல்கள் வேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்பதே வேண்டுகோள். தோட்டத் தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும் கொடுத்தார்கள். ஒரு வெள்ளி என்பது அன்றைய தொழிலாளியின் நாட்கூலியில் கணிசமான பகுதியாகும். 1956-இல் துறை தொடங்கியது. தமிழ் அதில் இடம்பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்தறியாதவர்கள் அதன் நூலகத்திற்குப் பணம் தந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த ஒரு வெள்ளிகள் தாமாக நடந்து வரவில்லை. சம்பள நாளன்று மாலையில் லயத்து வீடுகளின் முன் யாரோ நின்றிருக்கிறார்கள். பல்கலைக்கழகம் என்றால் என்ன, அதில் தமிழ் இருந்தால் நமக்கென்ன என்ற கேள்விகளுக்கு யாரோ பொறுமையாக விடை சொல்லியிருக்கிறார்கள். பெயரெழுதி, பணத்தை எண்ணி, ஒரு காசும் குறையாமல் ஒப்படைத்திருக்கிறார்கள். சாரங்கபாணி அவர்களின் பெயரை அறிவோம். அந்த 'யாரோ' யார் என்று கேட்டால் நம்மில் ஒருவராலும் சொல்ல இயலாது.

வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டுவது எத்தகைய பணி என்பது செய்தவர்களுக்கே தெரியும். நான்காம் மாடிக்கு ஏறிச் சென்றால் கதவு பூட்டியிருக்கும். தாமான் வீடுகளிலோ நமக்கு முன்பாகவே நாய் வந்து விசாரிக்கும். "போன வருடம் வாங்கிய பணத்திற்குக் கணக்கு எங்கே?" என்று ஒருவர் கேட்பார். கேட்பதில் தவறில்லை, ஆனால் கேட்பவர் ஆண்டுக் கூட்டத்திற்கு வந்திருக்கமாட்டார். "அடுத்த வாரம் வாருங்கள்" என்பார் இன்னொருவர். கொடுக்க இயலாவிடில் இயலாதென்று இன்முகத்தோடு சொல்லிவிடுவது நலம். நான்கு வாரம் ஒரு பெரியவரை நடக்கவைத்துவிட்டு ஐந்தாம் வாரம் 5 வெள்ளி கொடுப்பதைக் கொடை என்று சொல்ல என் நா எழவில்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, அரசுப் பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில் ஓர் ஆலயத்தின் உட்கணக்காய்வாளராக இருந்தேன். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அங்கு ஆண்டுதோறும் நன்கொடை திரட்டிவந்தார். அவருடைய ரசீதுப் புத்தகத்தில் மூன்று குடும்பங்களின் பெயரில் தலா 10 வெள்ளி எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் ஒரு வீட்டு அம்மாளைத் தற்செயலாகச் சந்தித்தபோது, "இந்த வருடம் நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லையே" என்றார். பணத்தில் குறைவில்லை, ரசீதுகளின் கூட்டுத்தொகையும் வங்கியில் செலுத்திய தொகையும் சரியாகவே இருந்தன. ஆனாலும் கொடாதவர் பெயரில் ரசீது எப்படி வந்தது? நிர்வாகக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் எழுந்து, அலுவலகத்தில் கோப்பைப் புரட்டும் குரலிலேயே கேட்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

உண்மை பிறகுதான் தெரிந்தது. தோட்டம் விற்கப்பட்டு வேலையிழந்த குடும்பங்கள் அவை. ஆண்டுதோறும் தவறாமல் கொடுத்துவந்தவர்கள். உபய நாளன்று பெயர்கள் வாசிக்கப்படும்போது அவர்கள் பெயர் மட்டும் விடுபட்டால் பிள்ளைகள் மனம் வாடுமே என்று, பெரியவர் தம் பணத்தைப் போட்டு அவர்கள் பெயரை எழுதியிருக்கிறார்.

விதிப்படி பார்த்தால் அது தவறுதான். கொடுத்தவர் பெயரிலேயே ரசீது இருத்தல் வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் தனியே அழைத்துக் கேட்டிருக்கலாம். அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவியார் காப்பி கொடுத்தார். பெரியவர் என் வேலையைப் பற்றியும், நான் படித்த தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் அன்போடு விசாரித்தார். புதிய ரசீதுப் புத்தகத்தை நீட்டியபோது மட்டும் கையை நீட்டவில்லை. "கால் வலிக்கிறது தம்பி" என்றார். அதன்பின் அந்த வீதிகளில் அவரைப்போல் வீடறிந்து, மனமறிந்து செல்ல ஆளில்லை. என் கணக்குச் சுத்தமாக இருந்தது, வசூல் பாதியாயிற்று.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கணக்கும் வேண்டும், கண்ணியமும் வேண்டும். வீடுதோறும் நன்கொடை திரட்டுவதற்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் பெற வேண்டும். அதைக் கையில் வைத்திருங்கள். இருவராகச் செல்லுங்கள். அன்றைய பணத்தை அன்றே பொருளாளரிடம் ஒப்படையுங்கள். வருமான வரி விலக்குக் கிட்டும் என்று யாரிடமும் வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள்; அதற்கென உள்நாட்டு வருமான வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் ரசீதுக்கே அது பொருந்தும். இவையெல்லாம் உங்களைச் சந்தேகிப்பதற்கான விதிகள் என்று எண்ண வேண்டா. நாளை என்னைப்போல் ஒருவன் கூட்டத்தில் எழுந்து நின்றால், உங்களுக்குத் துணையாக நிற்பவை இவையே. கொடுக்க இயலாத குடும்பத்தின் பெயரையும் உபயத்தில் சேர்க்க விரும்பினால், குழுவிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதற்கு வழி செய்யத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார்கள்.

மகளிர் பிரிவினரைக் குறிப்பிடாமல் விட்டால் பிழையாகும். கூப்பன் விற்று, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தோசைக்கு மாவு கலந்து, நாள் முழுதும் அடுப்பருகே நின்று அவர்கள் ஈட்டியதே இவ்வாண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிய உதவித்தொகையின் பெரும்பகுதி. அந்தத் தோசையை நின்றபடியே உண்டுவிட்டு, "சட்னியில் உப்புக் குறைவு" என்று சொன்னவர்களுள் அடியேனும் ஒருவன்.

இம்மலரின் இறுதிப் பக்கங்களில் வழக்கம்போல் நன்கொடையாளர் பட்டியல் இடம்பெறும். அதற்கு முந்திய பக்கத்தில், திரட்டியவர்களின் பெயர்களும் இவ்வாண்டு முதல் அச்சாகும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பட்டியலில் தம் பெயர் வேண்டா என்று சிலர் கூச்சத்தோடு மறுத்தார்களாம். செயலாளர் அவர்கள் அதைக் கேட்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

இப்போது அவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கும் பேறு எனக்குக் கிட்டியிருக்கிறது. பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களும், சமையற்கூடத்தில் இருப்பவர்களும் தயைகூர்ந்து முன்னே வாருங்கள்.