மருந்தும் மனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் மணக்கும் விழா மேடையில் எய்ட்ஸ் நோயைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். அச்சொல்லைக் கேட்டதும் குரலைத் தாழ்த்துவது நம் வழக்கம். அவ்வழக்கம் மருந்தையே தோற்கடிக்க வல்லது என்பதைக் கூறவே வந்துள்ளேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை 1986-இல் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் ஆவர். மறு ஆண்டே அமெரிக்காவில் ஏ.இசட்.டி. என்னும் முதல் மருந்து ஒப்புதல் பெற்றது. ஆயினும், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றிவிட்டன என்ற செய்தி 1989-இல் வெளியாயிற்று.

காரணம் யாது? ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்யும் பிழை நூலைக் கெடுக்கும். இக்கிருமி தன்னைப் படியெடுக்கும்போது செய்யும் பிழைகளிற் சிலவோ அதனையே காக்கின்றன. மருந்து பற்றும் இடம் சிறிது மாறினாலும் பிடி நழுவிவிடுகிறது. ஆகவே, 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை பரவிற்று. மூன்றிற்கும் ஒருசேரத் தப்புதல் கிருமிக்கு அரிது.

இந்தியாவில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றும் வேதியியல் அறிஞர் அருண் கோஷ் இன்னும் நுட்பமாக எண்ணினார். கிருமி முதிர்ச்சியடையப் புரோட்டீஸ் என்னும் நொதி இன்றியமையாதது. அந்நொதியில் முதுகெலும்பு போன்ற தண்டும் பக்கக் கிளைகளும் உண்டு. பிழையால் மாறுபவை கிளைகளே. தண்டு பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே, தண்டையே இறுகப் பற்றும் மருந்தை வடிக்க முற்பட்டார். அவ்வழியிற் பிறந்த தாருனாவிர் 2006-இல் ஒப்புதல் பெற்றது. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பலவற்றை அது அடக்கிற்று. 2022-இல் வந்த லெனகாபவிர், கிருமியின் மரபுப்பொருளைப் பொதிந்துள்ள கூட்டையே தாக்குகிறது. ஆறு திங்களுக்கு ஒரு முறை அதனை ஊசியாகச் செலுத்தினாற் போதும். எனினும், பிற மருந்துகளின் துணை அதற்கும் வேண்டும்.

அறிஞர் தம் கடமையைச் செய்துவிட்டனர்; எஞ்சியது நம் கடமை. 2004 முதல் நம் அரசு இம்மருந்துகளை இலவசமாக வழங்கி வருகிறது. ஆனால், நான் அறிந்த ஓர் இளைஞர் மாத்திரைகளைத் துணிப்பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தார். ஊரிலிருந்து உறவினர் வந்து தங்கும் நாள்களிலெல்லாம் பெட்டியைத் திறக்க அஞ்சினார். மருந்தின் அளவு இரத்தத்திற் குறையக் குறைய, அதற்கு அடங்காத கிருமிகள் பெருகின. இறுதியில் அம்மருந்துகள் அவருக்குப் பயன்படாமற் போயின. கிருமிக்கு வழிவிட்டது மருந்தின் குறையன்று. வீட்டில் நிலவிய அச்சமே.

உடனுண்பதாலும் தொட்டுப் பழகுவதாலும் இந்நோய் பரவாது. நம் காலனியில் எந்த வீட்டிலும் ஒருவர் தம் மாத்திரையை எல்லோர் முன்னிலையிலும் அச்சமின்றி உட்கொள்ளும் நிலை வருமாயின், அறிஞர் பல்லாண்டு பட்ட பாடு பயன் தரும். அந்நிலையை உருவாக்குவோமாக.