சோதனைத் தாளின் விடை

இன்று மருந்துக் கடையில் ஒரு சோதனைத் தாளை வாங்கி, கருவுற்றிருப்பதைச் சில நிமிடங்களில் வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். மாணவ நண்பர்களே, இதற்கு முன்னோடி யார் தெரியுமா? ஒரு முயல்!

1931-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஃப்ரீட்மன் என்பார், பெண்ணின் சிறுநீரை முயலுக்கு ஊசிமூலம் செலுத்தி, பின்னர் அதனை அறுத்து, சூற்பைகளில் மாறுதல் உண்டா என்று பார்க்கும் முறையைக் கண்டார். ‘முயல் இறந்தது’ என்றால் கரு உண்டு என்று மக்கள் பொருள் கொண்டனர். அது தவறு. விடை எதுவாயினும் முயல் அறுக்கப்பட்டே தீரும். பாவம், அதன் சாவுக்கும் விடைக்கும் தொடர்பில்லை!

அந்த முயல் கண்டுணர்ந்த பொருளையே இத்தாளும் கண்டுணர்கிறது. அது கொனடோட்ரோபின் என்னும் ஹார்மோன். கரு, கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கிய பின்னரே அது தாயின் குருதியிலும் சிறுநீரிலும் சேர்கின்றது. முட்டை வெளிப்பட்டுக் கரு பதிவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு நாட்கள் வரை ஆகலாம். அதன்பின் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஹார்மோனின் அளவு ஏறக்குறைய இருமடங்காகும். ஆகவே திங்களன்று ‘இல்லை’ என்ற தாள், வெள்ளியன்று ‘ஆம்’ எனலாம். தாள் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட நாள்தான் முந்திவிட்டது. அந்த ‘இல்லை’யை நம்பி எக்ஸ்ரே எடுக்கவும், கருவுக்கு ஆகாத மருந்தை உண்ணவும் துணிவோர் இருப்பதே இதிலுள்ள அபாயம். மாதவிலக்கு தவறிய பின், காலையில் முதன்முதல் கழிக்கும் சிறுநீரைக் கொண்டு பார்ப்பதே நன்று. அப்போதும் ‘இல்லை’ என வந்து, மாதவிலக்கும் வராதிருப்பின், சில நாள் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும்.

‘ஆம்’ என்ற விடை பொய்யாவது அரிது. எனினும் அண்மையில் கரு கலைந்தவர்க்கும், அந்த ஹார்மோனையே மருத்துவர் ஊசியாக இட்டவர்க்கும் தாளில் கோடு தோன்றும். குறித்த நேரம் கடந்தபின் ஈரம் உலர்ந்து விழும் சாயலையும் கோடாகக் கொள்ளலாகாது.

இன்னொன்று முக்கியம். கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் பதிந்திருப்பினும் தாள் ‘ஆம்’ என்றே காட்டும். இடத்தை அது அறியாது. குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே இடர் நேரும். ஆதலின், ‘ஆம்’ என வந்தபின் அடிவயிற்றில் கடுமையான வலியோ, மயக்கமோ, குருதிப்போக்கோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கரு இருக்குமிடத்தை அங்குள்ள ஒலியலைப் படக் கருவியைக் கொண்டு மருத்துவர் ஆராய்வார்.