கானா நாட்டின் கனிகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரையில், பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே அமைந்துள்ள நாடு கானா. ஆங்கிலேயர் ஆட்சியில் 'தங்கக் கரை' என்று வழங்கிய இந்நாடு, 1957-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் விடுதலை பெற்றது. தங்கத்தையும் கோக்கோவையும் கொண்டே உலகம் இதனைப் பெரிதும் அறியும். ஆனால் ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிந்துகொள்ள ஏற்றுமதிக் கணக்கு மட்டும் போதாது. அவர்களுடைய சந்தைக் கூடைகளையும் பார்த்தல் வேண்டும். அக்கூடைகளில் நிறைந்துள்ள கனிகளைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

கானாவின் தென்பகுதியில் ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம் உண்டு. அங்கே அடர்ந்த காடுகளும், அவற்றை அழித்து உண்டாக்கிய தோட்டங்களும் காணப்படுகின்றன. வடபகுதியிலோ மழைக்காலம் ஒன்றுதான். மழை நின்றபின் சஹாராப் பாலையிலிருந்து 'ஹர்மத்தான்' என்னும் வறண்ட காற்று புழுதியைச் சுமந்துகொண்டு வீசும். புல்வெளியும் இடையிடையே மரங்களுமாகக் கிடக்கும் நிலம் அது. ஆகவே தெற்கே விளையும் கனிகள் வேறு. வடக்கே கிடைக்கும் கனிகள் வேறு.

இன்று கானாவின் சந்தைகளில் மிகுதியாகக் காணும் கனிகளுள் பல, அந்நாட்டில் தோன்றியவை அல்ல. போர்த்துக்கேயர் 1471-ஆம் ஆண்டு இக்கரையை அடைந்தனர். 1482-இல் எல்மினா என்னுமிடத்தில் கோட்டை கட்டினர். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த ஐரோப்பியரும் நடத்திய கடல் வாணிபத்தின் வழியாக அன்னாசி, பப்பாளி, கொய்யா, முந்திரி ஆகியவை அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தன. மாவும் வாழையும் ஆசியாவில் தோன்றியவை. ஆப்பிரிக்காவும் வாங்கியதோடு நின்றுவிடவில்லை. பிறருக்குக் கொடுத்தும் இருக்கிறது. நம் வீட்டுக் குழம்பில் நாள்தோறும் கரையும் புளி, ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த மரத்தின் காய் என்று தாவர நூலார் கூறுகின்றனர். நம்மிடமிருந்து அதனைப் பெற்ற அரபியர், 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டுவிட்டனர்!

மற்றொரு கனியின் பயணம் துயரம் நிறைந்தது. கானாவின் அக்கான் மக்கள் 'அச்சே' என வழங்கும் மரம், அடிமை வாணிபம் நடந்த நாளில், 1778-ஆம் ஆண்டு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்காத் தீவுக்குச் சென்றது. இன்று 'அக்கி' என்ற பெயரில் அதுவே அத்தீவின் தேசியக் கனி. இக்கனியின் செந்நிறத் தோல் மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்த பின்புதான் உள்ளே இருக்கும் வெண்மையான சதையை உண்ணலாம். அதற்கு முன் உண்டால் உயிருக்கே ஆபத்தாக முடியும் நஞ்சு அதில் உண்டு. பொறுத்திருந்து உண்ண வேண்டிய கனி இது.

அன்றாட வாழ்வில் முதலிடம் பெறுவது வாழை. அதிலும் சமைத்து உண்ணும் பெருவாழைக்கே மதிப்பு அதிகம். மரவள்ளிக் கிழங்குடன் சேர்த்து வேகவைத்து, உரலில் இடித்து, 'ஃபூஃபூ' என்னும் உணவு செய்கின்றனர். பழுத்ததைத் துண்டுகளாக்கி, இஞ்சியும் மிளகாயும் பிசறி எண்ணெயில் பொரித்தால் 'கெலெவெலெ' என்னும் பண்டமாகிறது. தெருவோரத்தில் கரியடுப்பில் சுட்டு, நிலக்கடலையோடு கொடுப்பதற்கு 'கோஃபி புரோக்மேன்' என்று வேடிக்கைப் பெயர். கோஃபி என்பது வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகனுக்கு இடும் பெயர். கையில் காசில்லாத கோஃபிக்கும் வயிறு நிறையும் என்பது கருத்து.

ஆரஞ்சு விற்கும் பெண்கள், பச்சைத் தோலைக் கத்தியால் மெல்லியதாகச் சீவி, உச்சியில் சிறிது வெட்டித் தருவர். வாங்கியவர் பழத்தைப் பிழிந்து சாற்றை அப்படியே உறிஞ்சிவிடுவார். இரவிலும் குளிராத நாடாகையால், நன்றாகப் பழுத்த ஆரஞ்சுகூட அங்கே பச்சையாகவே இருக்கும். நிறத்தைக் கொண்டு இனிப்பை மதிப்பிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. கோக்கோத் தோட்டத்துச் சிறுவர்கள், கொட்டையைச் சூழ்ந்துள்ள வெண்ணிறச் சதையைச் சுவைத்து மகிழ்வர். உலகம் சாக்லேட்டை அறியும்; கோக்கோவும் ஒரு கனியே என்பதை அச்சிறுவர்கள் அறிவர்.

ஆண்டின் தொடக்க மாதங்களில் 'அலாசா' என்னும் மஞ்சட்பழம் சாலையோரங்களில் குவிந்து கிடக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்த இப்பழத்தில் பால் உண்டு. மெல்ல மெல்ல அது பசைபோல் வாயில் திரளும். 'அசா' என்னும் சின்னஞ்சிறு செந்நிறக் கனி இன்னும் விந்தையானது. அதற்கெனப் பெரிய சுவை கிடையாது. ஆயினும் அதனைச் சுவைத்தபின் எலுமிச்சையைத் தின்றாலும் தித்திக்கும்! அக்கனியிலுள்ள ஒருவகைப் புரதம் நாவில் ஒட்டிக்கொண்டு புளிப்பை இனிப்பாக உணரச் செய்கிறது.

வடக்கே செல்வோம். அங்கே ஷியா மரம் மக்களின் துணை. விதைத்துப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே காய்க்கும் இம்மரத்தைப் பெரும்பாலும் யாரும் நடுவதில்லை. உழும் நிலத்தில் தானாக முளைத்ததை வெட்டாமல் காப்பாற்றி வருகின்றனர். களஞ்சியத்தில் தானியம் குறைந்து, புது விளைச்சல் இன்னும் வாராத மழைக்காலத் தொடக்கத்தில் ஷியாக் கனி பழுக்கிறது. விடியற்காலையில் பெண்கள் சென்று, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி வருவர். இனிய சதை பசியாற்றும். கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய் சமையலுக்கும் உதவும், விற்றுப் பணமாக்கவும் உதவும். நம் இராமநாதபுரம் பக்கத்திலும் ஆங்காங்கே நிற்கும் ஆனைப்புளி மரம் அந்நிலத்துக்கு உரியது. அதன் காயிலுள்ள புளிப்பான மாவையும் அவர்கள் நீரில் கரைத்துப் பருகுகின்றனர்.

இனி, ஒரு கனியால் விளைந்த சோதனையைப் பார்ப்போம். தலைநகரான அக்ராவுக்கு வடக்கேயுள்ள என்சாவம் வட்டாரத்தில் அன்னாசி செழித்து வளர்கிறது. ஐரோப்பியச் சந்தைக்கென 'ஸ்மூத் கயேன்' என்னும் வகையை உழவர்கள் பயிரிட்டனர். 2004-ஆம் ஆண்டில் ஏற்றுமதி ஏறக்குறைய 70,000 டன்னை எட்டியது. சிறு நிலம் உடையவர்களும் இதனால் பயன் பெற்றனர். ஆனால் 1996-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க நிறுவனம், கோஸ்டா ரிக்காவில் விளைந்த 'எம்.டி. 2' என்னும் புதிய வகையை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. பொன்னிறமும் ஒரே சீரான வடிவமும் மிகுந்த இனிப்பும் உடைய அது, பல நாள் கெடாமலும் இருக்கும். ஐரோப்பியப் பெருங்கடைகள் சில ஆண்டுகளுக்குள் அதன்பால் சாய்ந்துவிட்டன.

அன்னாசி, நட்டபின் பழம் தர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் பயிர். சந்தை மாறும்போது வயலில் நிற்பதை உழவன் மாற்ற முடியுமா? 2005-ஆம் ஆண்டையொட்டி, விளைந்த பழம் வாங்குவாரின்றி வயலிலேயே அழுகியது. புதிய வகையின் கன்றுக்கு விலை அதிகம். அதனை வளர்க்கும் செலவும் அதிகம். அரசு உதவ முன்வந்தது. பெரிய தோட்டக்காரர்கள் மாறிக்கொண்டனர். சிறு உழவர்களுள் பலரோ அன்னாசியைக் கைவிட்டு, சோளத்துக்கும் மரவள்ளிக்கும் திரும்பினர். அவர்களுடைய மண்ணும் உழைப்பும் முன்போலவே இருந்தன. மாறியது கடலுக்கு அப்பாலுள்ளவர்களின் விருப்பம் ஒன்றுதான்.

முந்திரியின் கதையும் எண்ணத்தக்கது. கானாவின் போனோ வட்டாரத்தில் விளையும் முந்திரிக் கொட்டைகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறுகிறது. உடைத்துப் பருப்பெடுக்கும் கூலியும் இலாபமும் அங்கே தங்குவதில்லை. சாறு நிறைந்த பழமோ பெரும்பாலும் தோட்டத்திலேயே வீணாகிறது.

இதனால் ஏற்றுமதியே கூடாது என்று கூறுதல் பொருந்தாது. அன்னியச் செலாவணி எந்த நாட்டுக்கும் தேவை. பழங்களை உள்நாட்டிலேயே நறுக்கிப் பொதிந்தும், சாறாக்கியும் அனுப்பும் ஆலைகள் கானாவில் தோன்றியிருப்பது நல்ல அறிகுறி. எனினும் தொலைவிலுள்ள ஒரே வாடிக்கைக்காரரை நம்பி, ஒரே வகையை மட்டும் பயிரிடுவதிலுள்ள அபாயத்தை நாம் மறத்தல் ஆகாது.

கானாவில் 'சுகர்லோஃப்' என்று மற்றோர் அன்னாசி உண்டு. கூம்பு வடிவமும் வெண்ணிறச் சதையும் உடையது. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். பொன்னிறத்தைத் தேடும் அயல்நாட்டுச் சந்தையில் அதற்கு நெடுநாள் இடமில்லை. ஆனால் கானா மக்கள் அதன் தேன்போன்ற இனிப்பை நன்கு அறிந்தவர்கள்; சாலையோரங்களில் அதனை விரும்பி வாங்குகின்றனர். வெளிநாட்டார் கைவிட்ட காலத்திலும் இந்த உள்ளூர்ச் சந்தை மறைந்துவிடவில்லை. வடக்கே, யாரும் நடாத ஷியா மரமும் பஞ்ச மாதங்களில் தவறாமல் பழுக்கிறது. வீட்டார் விரும்பி உண்ணும் கனியே உழவனுக்கு உறுதியான துணை என்பதைக் கானாவின் சந்தைக் கூடைகள் நமக்கு உணர்த்துகின்றன.