அப்பாவின் பி.எஸ்.ஏ.: வெட்டுவதா, மீட்பதா?

(தொலைக்காட்சி அரங்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் கையில் கிடைத்தால் அதைப் பழையபடி மீட்டெடுப்பதா, நம் விருப்பத்துக்கு வெட்டி மாற்றிக் கட்டுவதா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி, "வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பழைய இரும்பை எதற்கு ஐயா கும்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். நல்ல கைத்தட்டல் வாங்கினார். கேள்வியும் நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஒரு வண்டியைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் அப்பா அங்கே ஆஸ்பத்திரிக் கிராணி. ஒரு டிவிஷனுக்கும் அடுத்த டிவிஷனுக்கும் நடுவே செம்மண் சாலை, மழை பெய்தால் சேறு. அங்கே வேலை பார்த்த சின்ன துரை 1958-ல் சீமைக்குத் திரும்பியபோது தன்னுடைய பி.எஸ்.ஏ. பேண்டம் வண்டியை அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனார். 123 சி.சி., மூன்று கியர். டாங்கியில் ஒரு சேவல் படம். பேண்டம் என்றால் குட்டிக் கோழி ஜாதி. என் பாட்டி மட்டும் கடைசிவரை அதைப் 'பாண்டம்' என்றுதான் சொன்னார், சட்டி பானைக் கணக்கில்!

அந்த வண்டி இன்று என் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. என் இளைய மகன் அதைக் 'காஃபே ரேசர்' ஆக்க வேண்டும் என்கிறான். கைப்பிடியைத் தாழ்த்தி, பின் மட்கார்டைக் கழற்றி, சேஸியின் வாலை அறுத்து, ஒற்றை சீட் போட வேண்டுமாம். வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சு. ஆகவே நான் இங்கே பொழுதுபோக்குக்காகப் பேச வரவில்லை ஐயா, தீர்ப்பு வாங்கத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் தம்பிமார்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்டி மாற்றுவது ஏதோ இன்றைக்கு வந்த கெட்ட பழக்கம் இல்லை. லண்டனில் ஏஸ் கஃபே என்று ஒரு சாப்பாட்டுக் கடை, 1938-ல் திறந்தது. யுத்தத்துக்குப் பிறகு அங்கே கூடிய இளைஞர்கள் டிரையம்ஃப் இன்ஜினைக் கழற்றி நார்ட்டன் சேஸியில் பூட்டினார்கள். நார்ட்டனின் 'ஃபெதர்பெட்' சேஸி 1950-ல் வந்தது, வளைவில் வழுக்காமல் போகும். டிரையம்ஃப் இன்ஜினுக்கு இழுவை அதிகம். இரண்டும் சேர்ந்ததற்கு 'டிரைட்டன்' என்று பெயர். இன்று அந்தக் காலத்து டிரைட்டனைப் பிரித்து, இரண்டு வண்டியாக 'மீட்கிறேன்' என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள். வெட்டியதே சரித்திரம் ஆகிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில், பெமாத்தாங் சியாந்தார் என்று ஒரு பட்டணம். சுற்றிலும் நம்மைப் போலவே தோட்டங்கள். பழைய பி.எஸ்.ஏ. வண்டிகளுக்குப் பக்கத்தில் பெட்டி பூட்டி, 'பெச்சா' ஆக்கி, பயணிகளை ஏற்றி ஓட்டினார்கள். பட்டாளத்துக்குச் செய்த எம்20 முதலான பெரிய வண்டிகள் அவை. யுத்த காலத்தில் பி.எஸ்.ஏ. கம்பெனி எம்20 மட்டும் 1,26,000 செய்து கொடுத்தது. அந்தப் பெச்சாதான் இன்று சியாந்தார் ஊரின் அடையாளம். பெட்டி பூட்டி வயிற்றுப் பிழைப்பு நடத்தாமல் இருந்திருந்தால் அந்த வண்டிகள் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அப்புறம், 'ஒரிஜினல்' என்ற சொல்லையே நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். பேண்டம் 1948-ல் வந்தது. அது இங்கிலீஷ்காரன் மூளையில் பிறந்ததா? இல்லை! ஜெர்மன் டி.கே.டபிள்யூ. கம்பெனியின் ஆர்.டி.125 வண்டி அது. யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து அந்த வரைபடம் ஈடாகப் போனது. பர்மிங்ஹாமில் அதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாற்றினார்கள், கியர் மிதி வலது பக்கம் வர வேண்டும் என்பதற்காக. அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் ஹார்லி 125 வந்தது, ரஷ்யாவில் ஒன்று வந்தது, 1955-ல் யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ.1 வந்தது. ஆக, அப்பாவின் வண்டியும் இன்று சாலையில் கத்திக்கொண்டு போகும் யமஹாவும் ஒருவகையில் பங்காளிகள். பழைய வண்டிக்காரர்கள் 'சுத்த ரத்தம்' பேசும்போது நான் இதைச் சொல்லிக் கொஞ்சம் வம்பு வளர்ப்பது உண்டு.

இப்படியெல்லாம் சொல்லிவிட்டு ஏன் அறுக்கக் கூடாது என்கிறேன்?

காரணம், அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கைப்பிடியை மாற்று, கழற்றிய பழையதை எண்ணெய் தடவிப் பரணில் வை, உன் பேரன் திரும்பப் போட்டுக்கொள்வான். ஆறு வோல்ட் மின்சாரத்தைப் பன்னிரண்டாக மாற்று, வெளியே தெரியாது, இரவில் விளக்காவது ஒழுங்காக எரியும். பழைய இங்கிலீஷ் வண்டி விளக்கை நம்பி இருட்டில் தோட்டத்துச் சாலையில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். இதெல்லாம் மாற்றம்தான், ஆனால் பின்னால் திரும்பி வர வழி உள்ள மாற்றம். சேஸியை அறுப்பது அப்படி இல்லை.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டில் கிராண்டில் சேஸி நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் இருக்கும். அறுத்து வெல்டிங் செய்த இடத்தில் நம்பர் கெட்டுப் போனால் ஜே.பி.ஜே.யில் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது, அது திருட்டு வண்டி மாதிரிதான் தெரியும். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தக் காலத்து டிரையம்ஃபில் இன்ஜின் நம்பரும் சேஸி நம்பரும் ஒன்றாகவே இருக்கும். 1950-களின் பி.எஸ்.ஏ.யில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டும் வேறு வேறு. இது தெரியாமல், 'நம்பர் ஒத்துவரவில்லை, ஒட்டுப்போட்ட வண்டி' என்று நல்ல பி.எஸ்.ஏ.யை ஒதுக்கியவர்களும் உண்டு, அதையே சாக்காக வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்டவர்களும் உண்டு. கிராண்டோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கிராண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வண்டியின் கிராண்ட் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது, இறந்துபோன அப்பா பெயரில்! வாரிசு உரிமைக்கு அமானா ராயாவா, வேறு இடமா என்று அலைந்து முடித்த பிறகுதான் நான் முதல் வெள்ளியை அந்த வண்டிக்குச் செலவு செய்தேன். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டிப் பளபளவென்று ஆக்கிவிட்டு, பிறகுதான் வண்டி யார் பெயரில் இருக்கிறது, நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீட்டில் தாத்தா வண்டி வைத்திருப்பவர்கள் நாளைக்கே அந்த டின்னைத் திறந்து பாருங்கள்.

சரி, மீட்பது என்று முடிவு செய்தாலும் சங்கடம் தீர்ந்ததா? எனக்கு அங்கேதான் ஐயா பெரிய சிக்கல் வந்தது.

ஈப்போவில் பழைய வண்டி வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். நல்ல கைக்காரர். வண்டியைச் சுற்றி வந்தார். மேலே கறுப்பு பெயிண்ட், சுரண்டினால் உள்ளே இளம்பச்சை. "இந்தப் பச்சைதான் கம்பெனி பெயிண்ட், அதையே அடிப்போம், பிரமாதமாக இருக்கும்" என்றார். பிறகு பின்பக்கம் ஒரு முரட்டு இரும்புக் கேரியரைத் தட்டிக் காட்டி, "இது ஏதோ கொல்லன் வேலை, இதை வெட்டி எறிந்துவிடலாம்" என்றார்.

அந்தக் கேரியர் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் ஃபிட்டர் செய்து கொடுத்தது. அப்பாவின் மருந்துப் பெட்டி அதில்தான் உட்காரும். இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்கும். யாருக்கோ பிரசவ வலி, யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்பார்கள். அப்பா பெட்டியைத் தூக்கி அந்தக் கேரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்குவார். மூன்று உதை, நான்கு உதை, பிறகுதான் வண்டி கிளம்பும். அந்தச் சத்தம் லயத்துக் கோடியில் மறையும்வரை அம்மா வாசலில் நிற்பார்.

பர்மிங்ஹாம் தொழிற்சாலையிலிருந்து இந்தக் கேரியரோடு எந்த வண்டியும் வரவில்லை. ஆகவே புத்தகப்படி இதை மீட்டால் கேரியர் போக வேண்டும், கறுப்பு பெயிண்ட் போக வேண்டும். கிடைப்பது சின்ன துரையின் வண்டி. என் அப்பாவின் வண்டி கிடைக்காது. மகன் பேச்சைக் கேட்டாலும் அந்தக் கேரியர் போகும், புத்தகத்தைக் கேட்டாலும் போகும்! இரண்டு கட்சியும் சேர்ந்து அப்பாவைத்தான் அறுக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தோட்டம் இருந்திருந்தால் ஒருவேளை எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருந்திருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டடம் இல்லை. அந்த ஃபிட்டரின் கைவேலை என்று இன்று மிஞ்சியிருப்பது, எனக்குத் தெரிந்து, அந்தக் கேரியர் ஒன்றுதான்.

இப்போது தம்பியின் 'வெள்ளைக்காரன் இரும்பு' கேள்விக்கு வருகிறேன். பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்கு எல்லாரும் போயிருப்பீர்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-ல் லிஸ்பனில் இறந்ததோடு வேலை நின்றுபோனது. இன்றுவரை யாரும் அதைக் கட்டி முடிக்கவில்லை. முடிக்காததால்தான் பார்க்கப் போகிறோம். செங்கல் தெரிகிறது, வேலை செய்த கை தெரிகிறது. அங்கே வேலை செய்தவர்கள் நம்முடைய ஆட்கள், அருகிலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. சொந்தக்காரன் பெயர் கோட்டைக்கு, உழைத்தவன் அடையாளம் சுவரில். வண்டியும் அப்படித்தான் தம்பி. டாங்கியில் இருக்கும் பெயர் அவர்களுடையது, தேய்ந்த மிதியும் கேரியரும் நம்முடையவை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்தப் பெயர்களும் இன்று அவர்களிடம் இல்லை. நார்ட்டன் கம்பெனியை 2020-ல் வாங்கியது சென்னையின் டி.வி.எஸ். மோட்டார். பி.எஸ்.ஏ. பெயர் மஹிந்திரா குழுமத்திடம் போனது. ராயல் என்ஃபீல்டு 1955 முதலே சென்னையில் வேர் விட்ட வண்டி. அவர்களே 2018-ல் கான்டினென்டல் ஜி.டி. 650 என்று ஒரு காஃபே ரேசரைத் தொழிற்சாலையிலேயே செய்து வெளியிட்டார்கள். தாழ்ந்த கைப்பிடி, நீண்ட டாங்கி, எல்லாம் இருக்கிறது, பிரேக்கும் பிடிக்கும்! என் மகனிடம் சொன்னேன்: உனக்கு அந்த உருவம்தான் வேண்டும் என்றால் அதை வாங்கு, முன்பணத்துக்கு நான் உதவுகிறேன். 123 சி.சி. கோழிக்குஞ்சுக்கு ரேஸ் வேஷம் போட்டு என்ன ஆகப் போகிறது? அவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் இன்ஜின் ஒரு வண்டியுடையது, சேஸி இன்னொன்றுடையது, பாதி சாமான் காணோம், யாருடையது என்ற கதையும் தெரியாது என்றால், தாராளமாக உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள். அங்கே மீட்க என்ன இருக்கிறது? நானே பார்க்க வருவேன்.

எங்கள் வண்டியில் இப்போது நடப்பதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கறுப்பு பெயிண்டைத் தொடவில்லை, துடைத்து எண்ணெய் போட்டதோடு சரி. கேரியர் அப்படியே இருக்கிறது. இன்ஜினை மட்டும் பிரித்தோம். அதற்கு முன் விட்வொர்த் அளவு ஸ்பேனர் ஒரு செட் தேடி வாங்கினோம். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டுகளின் மூலையெல்லாம் மழுங்கிப்போனது பழைய கதை. பிரேக் கட்டையைக் கழற்றும்போது மகன் காற்றடித்து ஊதப் போனான், தடுத்தேன். அந்தக் காலத்துக் கட்டையில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தோம். உதிரிச் சாமான் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி ஆயிற்றே. செலவுக் கணக்கு பார்த்தால் விற்கும் விலையைத் தாண்டிவிட்டது, அதை நான் வீட்டில் சொல்லவில்லை. இன்று சொன்னதாகிவிட்டது!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறாவது உதையில் வண்டி கிளம்பியது. மகன்தான் உதைத்தான். ஏறி உட்கார்ந்து, இடது காலால் கியர் மாற்றப் போய் பிரேக்கை மிதித்து, வாழைமரத்தடியில் விழுந்தான். கியர் வலது பக்கம் என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். எழுந்தவன் முதலில் தன் முட்டியைப் பார்க்கவில்லை, கேரியர் வளைந்துவிட்டதா என்றுதான் பார்த்தான்.