ரேண்டம் எண்ணும் ஜோசியரும்

பொறியியல் கலந்தாய்வுக் காலம் வந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் கவனிக்க ஆளில்லை. எல்லார் கண்ணும் செல்போனில்!

2018-க்கு முன்பெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ராத்திரி பஸ் பிடித்து, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போகவேண்டும். அந்த ஆண்டுதான் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அலைச்சல் போனது, படபடப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

விண்ணப்பித்தவர்களுக்குத் தரப்படும் ரேண்டம் எண் வந்ததும் சிலர் அதை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போகிறார்களாம். வேண்டாத வேலை. தரவரிசைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இரண்டு பேர் சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல். இப்படியே போய், பிறந்த தேதி வரை பார்த்து, வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை தருவார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கே வேலை. பெரும்பாலானோருக்கு அந்த எண் பயன்படுவதே இல்லை.

உண்மையில் கவனம் வேண்டியது வேறு இடத்தில். முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடுதான். கெடு முடிவதற்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால், கிடைத்த இடம் கைநழுவிவிடும். இந்தத் தகவலெல்லாம் உங்களுக்கே வந்துசேர வேண்டுமானால், விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் செல்போன் எண்ணைக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டு எண்ணையே கொடுங்கள்.