ரயில் ஊதல் யாருக்காக?

மதுரையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் ரயில் பாதை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடிப் போடிநாயக்கனூரில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மலை. ஏலக்காய் விளையும் அந்தச் சரிவுகளில் தண்டவாளம் ஏறவில்லை. போடிமெட்டுக்குச் செல்லும் கொண்டை ஊசி வளைவுச் சாலைதான் ஏறுகிறது. ஆகவே போடியில் நாம் கேட்கும் ரயில் ஊதல், அந்தப் பாதையின் கடைசி ஊதல் ஆகும்.

அந்த ஊதல் இரண்டு முறை வாயடைத்துப் போனதுண்டு. 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. நாடு சுதந்திரம் அடைந்த பின், 1950-களில், அது மீட்டர் கேஜ் பாதையாக மறுபடி உயிர் பெற்றது. பின்னர் அகலப் பாதையாக மாற்றும் பொருட்டு, 2010-ஆம் ஆண்டின் முடிவோடு வண்டிகள் நிறுத்தப்பட்டன. பணி நீண்டுகொண்டே போயிற்று. 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் 15-ஆம் நாள் போடி வரையிலும் ரயில் மீண்டும் வந்தது. 2010-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, பள்ளிப் படிப்பையே முடித்துவிடக்கூடிய காலம் அது. ரயில்வே கேட்டின் முன் நின்று, இருபுறமும் பார்த்து, செவி கொடுத்துக் கடக்கும் பழக்கம் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இல்லாத காலத்தில் ஏங்க வைத்த ஒலி, வந்த பிறகு சிலருக்குச் சுமையாகத் தோன்றுவதும் இயற்கையே. தண்டவாளத்தை ஒட்டி வீடு இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். தொட்டிலில் குழந்தை உறங்குகிறது. உள்ளே நோயாளி ஒருவர் கண்ணயர்கிறார். மாணவர் ஒருவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த வேளையில் எஞ்சின் வீறிட்டு அலறுகிறது. 'கேட்தான் மூடியிருக்கிறதே, இந்தக் கூச்சல் எதற்கு?' என்று அவர்கள் கேட்டால், அதில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. ஆனால் விடை சொல்வதற்கு முன், இந்த ஊதல் ஏன் பிறந்தது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு அருகே, 1833-ஆம் ஆண்டில், சாலை ஒன்று ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில், வண்டி ஒன்றின் மீது ரயில் மோதியது. சந்தைக்கு வெண்ணெயும் முட்டையும் ஏற்றிச் சென்ற வண்டி அது. எஞ்சின் ஓட்டுநர் கையிலிருந்த கொம்பை வாயால் ஊதியும் பயனில்லை என்பார்கள். அதன் பிறகே, நீராவியால் ஊதும் குழல் ஒன்றை எஞ்சினில் பொருத்தினார்கள் என்று ரயில்வேயின் பழங்கதை கூறுகிறது. ஆக, ஊதலும் கடவையும் உடன்பிறந்தவை. வண்டியில் ஏறியிருப்பவருக்காக அது பிறக்கவில்லை. பாதையின் குறுக்கே வரும் முகம் தெரியாத ஒருவருக்காகப் பிறந்தது.

எஞ்சின் ஓட்டுநர் ஏன் வண்டியை நிறுத்தாமல் ஊதுகிறார்? இதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. பல நூறு டன் எடையுள்ள அந்த வண்டி, அவசரப் பிரேக்கைப் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு, உராய்வு குறைவு. ஓட்டுநரால் விலகவும் இயலாது. அவர் கையில் மிஞ்சியிருப்பது குரல் ஒன்றே.

நமது நாட்டில் கடவைகளுக்கு ஏறத்தாழ 600 மீட்டருக்கு முன்பே, தண்டவாளத்தின் ஓரத்தில் மஞ்சள் பலகை ஒன்றை நட்டிருப்பார்கள். அந்தப் பலகையைக் கண்டதும் ஓட்டுநர் ஊத வேண்டும். 600 மீட்டரை 25-ஆல் வகுத்தால் 24 விநாடி. ஒலியோ விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்ந்து, இரண்டு விநாடிக்குள் கடவையை அடைந்துவிடுகிறது. எஞ்சியுள்ள இருபத்திரண்டு விநாடிதான், ஒரு முதியவரோ, மாடு ஓட்டி வருபவரோ, சுமை தூக்கி வருபவரோ விலகி நிற்பதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

இனி, மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். அமெரிக்க நாட்டின் விதிப்படி, எஞ்சினுக்கு முன்னால் ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவில் ஊதல் 96 முதல் 110 டெசிபெல் வரை இருத்தல் வேண்டும். வெட்டவெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். 30 மீட்டரில் 100 டெசிபெல் என்றால், 240 மீட்டரில் 82. 960 மீட்டரிலும் 70. வீடுகளும் மரங்களும் அதை இன்னும் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் தெளிந்த இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது; மேலேயுள்ள காற்று வெப்பமாக இருக்கிறது. அப்போது மேலெழும் ஒலி வளைந்து கீழே இறங்கி, நெடுந்தொலைவு செல்கிறது. மலையடிவார ஊர்களில் நள்ளிரவு ஊதல் அருகில் கேட்பதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என்பது அவை வகுத்த வரம்பு. அது சராசரி அளவு. சில விநாடி ஒலிக்கும் ஊதலோடு அதை நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் உறங்குகிறவர் சராசரியைக் கேட்டு விழிப்பதில்லை; அந்த ஒரு வீறலைக் கேட்டே விழிக்கிறார். அடிக்கடி கலையும் உறக்கம் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்துள்ளது. ஆகவே, ஊதலால் துன்பம் என்பது வீண் புலம்பல் அன்று.

அப்படியானால் இரவில் ஊதலை நிறுத்திவிட்டால் என்ன? இந்தச் சோதனையையும் உலகம் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், 1984 முதல், கேட்டும் மணியும் விளக்கும் உள்ள கடவைகளில் இரவு நேர ஊதலைத் தடுக்க உள்ளூர் ஆட்சிகளுக்கு உரிமை கிடைத்தது. மக்கள் அமைதியாக உறங்கினர். ஆனால் அந்தக் கடவைகளில் இரவு விபத்துகளின் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆயிற்று. 1991-இல் மத்திய ரயில்வே நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்து ஊதலை மீட்டது. விபத்துகளும் பெரிதும் குறைந்தன. கேட்டும் விளக்கும் இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், செவிக்கு வரும் எச்சரிக்கையின் மதிப்பை நாம் உணரலாம்.

அமெரிக்கர் அத்தோடு நின்றுவிடவில்லை. 2005-இல் நடைமுறைக்கு வந்த விதியில், அமைதி வேண்டும் ஊர்களுக்கு ஒரு வழி வகுத்தனர். சாலையின் முழு அகலத்தையும் அடைக்கும் கேட்டுகள், வாகனம் சுற்றி நுழைய முடியாதபடி நடுச் சுவர் முதலிய கூடுதல் காப்புகளை அமைத்துக்கொண்ட ஊரில் ரயில் வழக்கமாக ஊத வேண்டியதில்லை. முதலில் பாதுகாப்பு, அதன் பயனாக மௌனம். இதுவே சரியான வரிசை.

நமது நாடும் இவ்வழியில் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவைகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. பல இடங்களில் மேம்பாலமும் சுரங்கப்பாதையும் எழுந்துள்ளன. ஆயினும் 2025 ஜூலை 8-ஆம் நாளை நாம் மறக்கலாகாது. கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில், பள்ளி வேன் ஒன்றின் மீது ரயில் மோதி, மாணவர் மூவர் உயிரிழந்தனர். அது ஆள் காவல் உள்ள கேட். ஆனால் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைக்கப்பட்ட கேட்டில், கேட் மூடினாலன்றிச் சிக்னல் வழிவிடாது. மனிதர் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. பிணைப்பு இல்லாத இடத்தில் கடைசிக் காவல் நமது கண்ணும் செவியுமே.

மாணவ நண்பர்களே, ஊதலைக் குறைக்கும் உபாயம் எஞ்சினில் இல்லை, கடவையில் இருக்கிறது. கேட்டுகளைச் சிக்னலோடு பிணைப்பதும், மழைநீர் தேங்காத சுரங்கப்பாதைகள் அமைப்பதும் அரசின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது ஊராரின் உரிமை. மூடிய கேட்டின் கீழே சைக்கிளைச் சாய்த்து நுழையாதிருப்பதும், காதில் செருகிய இசைக் கருவியைக் கழற்றிவிட்டுக் கடப்பதும் உங்கள் பொறுப்பு. குறுக்கே ஓடும் ஒவ்வொருவரும், ஓட்டுநரை இன்னொரு முறை ஊத வைக்கிறார். அந்த ஊதலில் எங்கோ ஒரு குழந்தை விழித்து அழுகிறது.

இன்றிரவு மலையடிவாரத்தில் அந்த ஊதலைக் கேட்டால், இதையும் சற்றே எண்ணிப் பாருங்கள்: உங்களைக் கண்டறியாத ஒருவர், நீங்கள் பிழைத்திருக்க வேண்டும் என்று இருட்டைப் பார்த்துக் கூவுகிறார். அவர் கூவ வேண்டிய அவசியமே இல்லாத கடவைகளை அமைப்போம். அதுவரை செவி சாய்ப்போம்.