கை வீங்கினால் முதுமையைப் பழிக்காதீர்

(கேமரன் மலை, கியா பார்ம் வட்டாரத் தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)



கொழுந்து பறித்தும் காய்கறி பயிரிட்டும் வாழும் நமக்குக் கைகளே மூலதனம். அக்கைகள் திடீரென வீங்கி, விரல்களை மடக்க இயலாது போனால், "மலைக்குளிர், வயதாகிவிட்டது" என்று தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடுகிறோம். அது தவறு.

முதியோரைத் தாக்கும் அரிய அழற்சி நோய் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் மெக்கார்டி குழுவினர் 1985-ஆம் ஆண்டில் 10 நோயாளிகளைக் கொண்டு இதனை விவரித்தனர். மருத்துவர்கள் இதனை 'ஆர்.எஸ்.3.பி.இ.' என்பர். மூட்டுகளையும் தசைநாண்களையும் சூழ்ந்த உறைகள் அழற்சியுற்று, புறங்கையில் நீர் தேங்குகிறது.

இதன் அடையாளங்கள் யாவை? இரு கைகளும் ஒருசேர வீங்கும். புறங்கையை விரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். காலையில் விறைப்பு மிகும். சிலருக்குப் பாதங்களும் வீங்கும்.

ஆயினும், குழி விழும் வீக்கமெல்லாம் இந்நோயன்று. முகமும் கால்களும் வீங்கி மூச்சு வாங்கினால், இதயமோ சிறுநீரகமோ பழுதுற்றிருக்கலாம். ஒரு கை மட்டும் சிவந்து, காய்ச்சலும் கண்டால் கிருமித் தொற்றாகலாம். இவ்விரண்டிலும் தாமதம் ஆபத்து. ஆகவே மருத்துவர் இரத்தத்தில் அழற்சியின் அளவையும், முடக்குவாதக் காரணி உள்ளதா என்பதையும் சோதிப்பார். எலும்பு அரிப்பு உண்டா என எக்ஸ்ரேயில் பார்ப்பார். சிலரிடம் மறைந்திருக்கும் புற்றுநோயின் அறிகுறியாகவும் இது தோன்றுவதால் வேறு சோதனைகளும் தேவைப்படலாம்.

நற்செய்தி யாதெனில், பிரெட்னிசோலோன் மாத்திரையைக் குறைந்த அளவில் உட்கொண்டாலே பெரும்பாலோர்க்கு விரைவில் வீக்கம் வடிகிறது. பின்னர் மருத்துவர் அதனைப் பல மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார். நாமாக நிறுத்தலாகாது. இம்மருந்து இரத்தச் சர்க்கரையை உயர்த்துமாதலால், நீரிழிவு உடையோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் பதிவு பெறாத ஜாமுகளையும் வலி மாத்திரைகளையும் நம்பாதீர். அவற்றுட் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது. அவை வீக்கத்தை அடக்கி, நோயை மறைத்துவிடும்.

எனவே, கை வீங்கத் தொடங்கியதும் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். பிரிஞ்சாங் வழியே தானா ராத்தா சென்று, சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் மருத்துவமனையில் காட்டுங்கள். வீட்டிலுள்ள முதியோர் "ஒன்றுமில்லை" என்று மறுத்தாலும், இளையோர் உடனழைத்துச் செல்லுதல் வேண்டும். நமக்காக உழைத்த கைகளைக் காப்பது நமது கடமை.